தலைச்சன் பிறந்த வீடு

அத்தியாயம் பதினாறு

போன வாரம் அமலம்மாள் கூட்டத்தில் எழுந்து நின்றதைப் படித்துவிட்டு, "கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் எல்லாம் ஒரு பெண்ணா?" என்று கொதித்தவர்கள் இருக்கிறார்கள். "நல்லா வேணும் அந்தக் குடிகாரனுக்கு" என்று கைதட்டியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழிக்கிறேன். நடந்ததைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் குடியிருப்பைக் கம்பம் என்பார்கள். அங்கே இருப்பவள் அமலம்மாள். அவள் கணவன் அருளப்பன் டிராம் ஓட்டியவன். தடம் தடமாக டிராம் நின்றுபோனபோது அவன் வேலையும் நின்றது. அப்புறம் கள்ளுக்கடை. குடித்துவிட்டால் வீட்டில் இருக்க மாட்டான். குழாயடியில் போய் நடுவில் நின்றுகொண்டு, தண்ணீருக்கு வந்த பெண்களுக்கு வழிவிடாமல் பாட்டும் பிரசங்கமுமாக ஊரைக் கூட்டுவான்.

இப்படிப்பட்ட ஆண்களுக்குக் கம்பத்துப் பெண்கள் ஒரு பழைய வைத்தியம் வைத்திருந்தார்கள். அவர்களே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். பழைய பஞ்சாபி சார்ஜன் வந்து ஆளைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போவார். ஒரு ராத்திரி அங்கே தூக்கம். காலையில் வாசலைப் பெருக்கச் சொல்லி, ஒரு குவளை டீயும் நாலு திட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 'தூங்க அனுப்புவது' என்று அதற்குப் பெயர். அமலம்மாளும் தன் புருஷனை ஆறேழு தடவை அப்படித் தூங்க அனுப்பியிருக்கிறாள்.

சார்ஜன் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவன் என்று விரல் நீட்ட ஒருத்தராவது இருந்திருந்தால் எனக்கும் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

துரை மாதம் ஒருமுறை கம்பத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார். உங்களுக்கு என்ன குறை, என்ன தொந்தரவு, வாய்திறந்து சொல்லுங்கள், சேர்ந்து சரிசெய்யலாம் என்றார். ஆட்களைத் திரட்டியது, பேசியதை மொழிபெயர்த்தது எல்லாம் அமலம்மாளின் தம்பி பால்ராஜ். அந்த ஸ்டேஷனில் அவன் கான்ஸ்டபிள். குழாயடியில் விளக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். ஒரே வாரத்தில் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு துரை எது கேட்டாலும் கம்பம் வாய்திறந்து சொன்னது.

போன கூட்டத்தில் குடிகாரர்கள் பேச்சு வந்தது. எல்லோரையும்விட அதிகத் தொல்லை யார் என்று துரை கேட்டார். எல்லோரும் அமலம்மாளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள்தான் எழுந்து நின்று, "எங்க வீட்டு ஆளுதான் துரை. கொண்டு போங்க" என்றாள்.

ஏன் சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியும். கொதிக்கிற கஞ்சிப் பானையை அருளப்பன் எட்டி உதைத்து, அது மகள் லீனாவின் காலில் கொட்டியிருந்தது. லீனா அன்றிலிருந்து நொண்டுகிறாள். அப்பாவோடு பேசுவதும் இல்லை.

ஒரு வாரம் உள்ளே வைப்பார்கள், மாதா திருநாளுக்கு முன்னால் புத்தி தெளிந்து வந்துவிடுவார் என்பது அமலம்மாளின் கணக்கு. திருநாள் வந்தது, போனது. அருளப்பன் வரவில்லை. விசாரணை என்றார்கள்.

இனி இன்றைக்கு வருவோம்.

காலையில் பால்ராஜ் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது அமலம்மாள் இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் இடியாப்பம் விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

"அக்கா, உக்காரு."

"உக்காந்து கேக்குற சேதியா?"

"அத்தான ஊருக்கு அனுப்புறாங்க."

"எந்த ஊருக்கு?"

"காரைக்காலுக்கு. நாளைக்குக் காலையில நாகப்பட்டினம் கப்பல்ல. சிங்கப்பூர்லேருந்து உத்தரவு வந்துடுச்சு. திரும்பி வரக் கூடாதுக்கா. வந்தா ஜெயிலு."

அமலம்மாளின் கையிலிருந்த தட்டு கையிலேயே இருந்தது. "குடிச்சதுக்கா? குடிச்சதுக்கு யாரயாவது கப்பல் ஏத்துவாங்களா? அன்னிக்கு ஒருத்தன் சண்டையில மண்டய ஒடைச்சான், அவன ஏன் ஏத்தல?"

"அவன் தஞ்சாவூர்க்காரன். இங்கிலீஷ் ராஜாவோட பிரஜை. அவனத் தொட முடியாது. அத்தான் பிரெஞ்சு ஆளுலா. வெளிநாட்டு ஆளு."

"அத யாரு சொன்னது?"

"வேற யாரு? அவரேதான்."

அதுதான் அருளப்பனின் வாய். தெளிவாக இருக்கும்போது பெண்டாட்டியிடம்கூட அதிர்ந்து பேசாதவன், உள்ளே கள் போனால், "நான் பிரெஞ்சு மண்ணுல பொறந்தவன். உங்க ராஜாவுக்கு நான் அடங்கமாட்டேன்" என்று மார்தட்டுவான். கம்பத்தில் எல்லோரும் அவனைப் 'பிரெஞ்சுத் துரை' என்று கேலி செய்வார்கள். பழைய சார்ஜனும் கேட்டுச் சிரித்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் கொடுப்பார். புதிய துரை சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

"இன்னொண்ணு," என்றான் பால்ராஜ். சொல்ல முடியாமல் வாசலைப் பார்த்தான். "நீ தூங்க அனுப்பினியே, அதெல்லாம் அங்க கைதுன்னு ஆயிருக்குக்கா. ஆறேழு தடவ பிடிபட்ட ஆளு, கம்பமே வேணாம்னு சொல்ற ஆளு, வெளிநாட்டு ஆளு. இதுக்கு மேல துரைக்கு என்ன வேணும்?"

அமலம்மாள் சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள். புருஷன் திருந்தட்டும் என்று அவள் செய்த ஒவ்வொன்றும் அவன் கழுத்தில் ஒவ்வொரு சுற்றாக விழுந்திருக்கிறது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

உள்ளே கதவை ஒட்டி நின்று லீனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எனக்காகத்தான் எழுந்து நின்னேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா," என்றாள். "நான் உங்களக் கேக்கல."

பதினாறு வயசுப் பெண்ணின் வாய்க்கு அது பெரிய வார்த்தை. அமலம்மாள் எழுந்து தம்பியோடு வெளியே இறங்கினாள்.

குழாயடிக்குச் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கம்பத்தின் கோடியில் நாசி கண்டார் சோறு விற்கும் ஹாஜரா முன்னால் வந்து அமலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க வெளக்குத்தான் கேட்டோம். ஆளத் தூக்கிட்டுப் போய்க் கடல்ல போடச் சொல்லலியே! வாங்க எல்லாரும். சொன்ன வாயாலயே வேணாம்னு சொல்லிட்டு வந்துடுவோம்."

பத்துப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். துரை அவர்களை உட்கார வைத்தார். ஹாஜரா சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது என்று பால்ராஜ் பிறகு சொன்னான்.

"நீங்கள் கேட்டதைத்தான் செய்தேன்," என்றார். "கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கலாம். ஆனால் இது இப்போது புகார் இல்லை, உத்தரவு. அவர் மட்டும் நம் ராஜாவின் மண்ணில் பிறந்திருந்தால் யாராலும் அவரை அனுப்ப முடியாது. என்ன செய்வது, பிறந்தது அங்கே."

பால்ராஜ் மொழிபெயர்த்து முடித்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் ஹாஜரா படியிறங்கினாள்.

கடைசியாக இறங்கிய அமலம்மாள் நடுப்படியில் நின்றுவிட்டாள்.

"தம்பி, அவங்களுக்கு வேண்டியது வளந்த எடமா, பொறந்த எடமா?"

"பொறந்த எடம்தான். எதுக்கு?"

"உங்க அத்தான் மூத்த புள்ள. தலைச்சன்."

"அதுக்கு?"

"மண்டு! தலைப்பிரசவத்த மாமியா வீட்டுல எவளாவது வச்சுக்குவாளா? எங்க மாமியாளுக்குத் தாய்வீடு காரைக்கால் இல்லடா. நாகப்பட்டினம். வெளிப்பாளையம்."

பால்ராஜ் வாயைப் பிளந்தான். எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சு ராஜ்யம், இந்தப் பக்கம் இங்கிலீஷ் ராஜ்யம். தொட்டில் போட்டதும் வளர்த்ததும் காரைக்கால். பிறந்தது? வாழ்நாளெல்லாம் பிரெஞ்சு மண், பிரெஞ்சு மண் என்று மார்தட்டிய மனுஷன் பிறந்த விஷயத்தில் தன் அம்மாவைக் கேட்க மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"ஞானஸ்நானம்?"

"அது காரைக்கால் கோயில்லதான் குடுத்தாங்களாம். அப்பா வழிக்காரங்க பிடிவாதம்."

"அப்போ கோயில்ல எழுதிக் கேட்டாலும் காரைக்கால்னுதான் வரும். கண்ணால பாத்தவங்க யாராவது வேணும்க்கா. இங்க, இந்த ஊருல."

அமலம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். அருளப்பன் வருஷத்துக்கு ஒருமுறை படகேறி அக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒரு அம்மாள் உண்டு. பாகான் டாலாமில் மாடு வைத்திருக்கும் வள்ளியம்மா. அம்மாவின் ஊர்க்காரி, பக்கத்து வீடு என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். சொந்தம் இல்லை, சாதி சனம் இல்லை, வேதமும் வேறு. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

பால்ராஜ் உள்ளே ஓடினான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் தான் கிளம்புவதற்குள் அந்த அம்மாளைக் கொண்டு வந்து நிறுத்தினால், அருளப்பனும் அவளைத் தெரியும் என்று சொன்னால், சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்து நாளைக் கப்பலில் ஏற்றாமல் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். பால்ராஜுக்கு அரைநாள் லீவும் கொடுத்தார். நான் சொன்னேனே, நல்ல மனிதர் என்று.

பாகான் டாலாமில் வள்ளியம்மா மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பால்ராஜின் காக்கிச் சட்டையைக் கண்டதும் பால் செம்பைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஐயோ, போலீஸ் மாத்தா! ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலலா! மாடே அப்படித்தான் கறக்குது, நான் என்ன செய்ய?"

அந்த நிலையிலும் பால்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமலம்மாளுக்கு வரவில்லை.

"அக்கா, நாங்க பாலுக்கு வரல. நான் அருளப்பன் பொண்டாட்டி."

"அருளு பொண்டாட்டியா?" செம்பு முன்னால் வந்தது. "எங்க அவன்? இந்த வருஷம் எட்டியே பாக்கல. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அமலம்மாள் சொன்னாள். கூட்டத்தில் தான் எழுந்து நின்றதை மறைக்காமல் சொன்னாள். வள்ளியம்மா மாட்டின் முதுகில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாயக் கட்டத் தெரியாத பய," என்றாள் கடைசியில். "பிரெஞ்சுக்காரனாம்! எங்கம்மாதான் அந்தத் தெருவுக்கு மருத்துவச்சி. அடைமழ. நான் வெந்நி வச்சுக் குடுத்தேன். தொப்புள்கொடிய அறுத்துட்டு, 'புடி, கீழ போட்டுடாத'ன்னு எங்கையிலதான் எங்கம்மா குடுத்துச்சு. அவன் ஆத்தாளே அவன அப்புறம்தான் பாத்தா."

"எந்த வீட்டுல அக்கா?"

"என்ன கேள்வி இது? அவ பொறந்த வீட்டுலதான். வெளிப்பாளையத்துல. தலைச்சனுக்கு வேற எங்க போவா?"

அமலம்மாள் அந்த மாட்டுக் கொட்டகையிலேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இத அப்படியே துரைகிட்ட வந்து சொல்வீங்களா?"

வள்ளியம்மா பால்ராஜை ஓரக்கண்ணால் பார்த்தாள். பாலில் தண்ணீர் என்று ஏற்கனவே ஒருமுறை அபராதம் கட்டியவள். ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். "சொல்றேன். ஆனா பாலு சமாச்சாரம் பேசக் கூடாது, ஆமா," என்று சொல்லிவிட்டு, நல்ல சேலை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள்.

திரும்பும் படகில் அமலம்மாளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வீட்டுக்கு வரட்டும், வந்ததும் முதலில் நன்றாகத் திட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வாய் சோறு போடவேண்டும். மீன் வாங்கலாமா என்றுகூட யோசித்தாள். எத்தனை அடிபட்டாலும் இந்த மனசு இருக்கிறதே, கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், அடுப்பு மூட்டி உலை வைத்துவிடும்.

பால்ராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"கூட்டத்துல நீ சொன்னத நான் கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாம்க்கா. 'கொண்டு போங்க'ங்கிறத 'கண்டிச்சு வைங்க'ன்னு மாத்தியிருக்கலாம்."

"நீ உள்ளதத்தானே சொன்னே."

"ஆமா. அதுதான் என் வேலன்னு நெனச்சேன். துரை முன்னால எனக்கு நல்ல பேரு வரும்னும் நெனச்சேன்."

அமலம்மாள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சின்ன வயசில் அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பெற்ற பிள்ளை போல.

துரையின் அறையில் அருளப்பனைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அமலம்மாள் பார்த்ததும் திடுக்கிட்டாள். கள் இல்லாத இத்தனை நாளில் அவன் முகம் பழையபடி ஆகியிருந்தது. டிராமில் முன்னால் நின்று மணியடித்துக்கொண்டு போவானே, அந்த அருளப்பன். கண் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாக்குமூலம் என்றால் அவரவர் சொந்த மொழியில்தான் கேட்கவேண்டும் என்பது துரையின் ஒழுங்கு. அவர் மலாயில் கேட்பார், பால்ராஜ் தமிழில் சொல்லி, பதிலை மலாயில் திருப்பிச் சொல்லவேண்டும்.

வள்ளியம்மா முதலில் சொன்னாள். மழையைச் சொன்னாள், வெந்நீரைச் சொன்னாள், வெளிப்பாளையத்து வீட்டைச் சொன்னாள். பயத்தில் ஆரம்பித்தாலும் சொல்லச் சொல்ல அவள் குரல் உறுதியானது. துரை தலையசைத்துக்கொண்டே கேட்டார். தந்திக் காகிதத்தைக்கூட எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

பிறகு அருளப்பன் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாளை உனக்குத் தெரியுமா? இவள் சொல்வது உண்மையா?"

பால்ராஜ் தமிழில் கேட்டான். "அத்தான், தெரியும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

அருளப்பன் வள்ளியம்மாவைப் பார்த்தான். அவள் பொக்கை வாயோடு சிரித்து, "அருளு" என்றாள். அவன் கண்ணை விலக்கிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அமலம், கூட்டத்துல நீ எழுந்து நின்னியாமே?"

"அது கோவத்துல சொன்னதுங்க."

"கோவத்துல சொன்னாலும் நெசம்தானே. நான் அங்க இருந்திருந்தா நானும் கை தூக்கியிருப்பேன்." அவன் குரலில் கோபமே இல்லை. "இந்த மூணு வாரமா எனக்குத் தண்ணி இல்ல. தெளிஞ்ச கண்ணோட படுத்தா அந்தப் புள்ள அலறினதுதான் கேக்குது. வெளிய வந்தா நான் மறுபடி குடிப்பேன் அமலம். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"குடிங்க! குடிச்சுத் தொலைங்க! வீட்டுல இருந்து குடிங்க!" என்று அமலம்மாள் கத்திவிட்டாள்.

"அடுத்த தடவ கால்ல படாது. மூஞ்சில படும்."

அவன் கைகூப்பினான். அவளைப் பார்த்தா, வள்ளியம்மாவைப் பார்த்தா, யாருக்கும் தெரியவில்லை.

"என்னால நீங்க பட்டது போதும். இந்த அம்மாவ எனக்குத் தெரியாது. நான் காரைக்கால்ல பொறந்தவன். அதையே சொல்லிடு மாப்ள."

துரை பொறுமையிழந்து மேஜையைத் தட்டினார். "என்ன சொல்கிறான்?"

பால்ராஜுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அத்தானுக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா? டிராம் ஓட்டியவனுக்கு மலாய் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அத்தான் வாயைத் திறக்கமாட்டார் என்று ஒரு நப்பாசை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலாயில் சொன்னான்.

"தெரியும் என்கிறார் துவான். தன் கூடப்பிறந்த அக்கா மாதிரி என்கிறார். அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை என்கிறார்."

துரை பேனாவை எடுத்தார்.

"தீடாக், துவான்," என்றது அருளப்பனின் குரல். "சாயா தாக் கெனால்."

இல்லை துரை, எனக்கு இவளைத் தெரியாது. அதற்குமேல் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

பேனா நின்றது. துரை அருளப்பனைப் பார்க்கவில்லை, பால்ராஜைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஊர்க்காரர்கள் சொன்னதையெல்லாம் இத்தனை மாதமாக இவன் வாய்வழியாகத்தானே கேட்டோம், அதில் எது உண்மை, எது இவன் சேர்த்தது என்று அந்தப் பார்வை கேட்டது. விளக்குக் கேட்டதும் குடிகாரர்களைப் பற்றிச் சொன்னதும்கூட ஒரு நொடியில் சந்தேகமாகிப் போயின.

"எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாய்?" என்றார் மெதுவாக.

"இன்னிக்கு மட்டும்தான் துவான். இன்னிக்கு மட்டும்தான்."

"அதை நான் எப்படி நம்புவது?"

வாசலில் நின்ற புது சார்ஜனைக் கூப்பிட்டு, பால்ராஜின் பெல்ட்டையும் எண் வில்லையையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தந்திக் காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அருளப்பன் அப்போதுதான் தான் செய்தது என்ன என்று உணர்ந்தவனாக, "மாப்ள! ஐயோ மாப்ள!" என்று கூவினான். அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பால்ராஜ் பெல்ட்டைக் கழற்றி சார்ஜனிடம் கொடுத்தான்.

வள்ளியம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "என்னத் தெரியாதுன்னுட்டானே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமலம்மாள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்டேஷன் எதிரில் அங்சானா மரத்தடியில் லீனா உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல், அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"உள்ள."

"மாமா?"



"அவனும் உள்ளதான்டி. ஒருத்தரக் கூட்டிட்டு வரத்தான் போனேன். ரெண்டு பேரயும் விட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, இத்தனை நாளும் வராத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

லீனா அம்மாவின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே என்ன நடந்தது, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். அமலம்மாள் அழுகைக்கு நடுவே சொன்னாள். அலறினது கேட்கிறது என்று அப்பா சொன்ன இடம் வந்தபோது லீனாவின் கை மெல்ல அம்மாவின் தலையை விட்டு எடுபட்டது.

"எங்கடி போறே?"

"அப்பாகிட்ட."

"நீ போய் என்னடி செய்யப் போறே? துரையே முடியாதுன்னுட்டார். நாளைக்குக் காலையில கப்பல்."

"என் காலுக்காகத்தானே போறேங்கிறார்? என்ன ஒரு வார்த்த கேட்டாரா?"

தெருவைக் கடந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, லீனா ஒவ்வொரு படியாக ஏறினாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டான்.

"துரையத்தான்," என்றாள் லீனா. "கூட்டத்துல எல்லாரையும் கேட்டாரு. என்னக் கேக்கல."